டெலிவிஷனுக்குத் தலைக்கட்டு வரி

நமது கிராமங்களில் அம்மன் கொடை நடத்துவதென்று ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்துவிட்டால், அடுத்தபடியாக எழும் கேள்வி தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி என்பதே. தனி அடுப்பு எரியும் வீடு ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு. பத்து வேலி நிலமுடையவரும் ஒரு தலைக்கட்டு. அந்த நிலத்தில் களை பறித்துப் பிழைப்பவரும் ஒரு தலைக்கட்டு. இருவருக்கும் வரி ஒன்றே. "நான் கொடை பார்க்க வரப் போவதில்லை; மேளம் கேட்கப் போவதில்லை; எனக்கேன் வரி?" என்று எவரேனும் தர்க்கம் செய்தால் ஊர் அதனை ஏற்றுக்கொள்வதில்லை. கொடை ஊருக்குப் பொது, ஆகவே வரியும் பொது என்பது ஊராரின் பதில்.

இதே ஏற்பாடு நமது பட்டிக்காடுகளில் மட்டுமன்றி, பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய் என்று பெருமை பேசிக்கொள்ளும் பிரிட்டனிலும் நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது என்று சொன்னால் வாசகர்களில் சிலர் வியப்படையலாம். அங்கே அதற்கு டெலிவிஷன் லைசென்ஸ் கட்டணம் என்று பெயர். வீட்டில் டெலிவிஷன் பார்க்கும் குடும்பம் ஒவ்வொன்றும் பி.பி.சி. என்ற ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் செலவுக்காக வருஷந்தோறும் ஒரே தொகையைச் செலுத்த வேண்டும். 2025 ஏப்ரலில் அத்தொகை 174 பவுண்டு 50 பென்ஸாக உயர்த்தப்பட்டது. லண்டனில் மாளிகை கட்டி வாழும் பிரபுவும் அதைத்தான் கொடுக்க வேண்டும். அந்த மாளிகையைப் பெருக்கிக் கழுவிவிட்டு வாடகை அறைக்குத் திரும்பும் பெண்ணும் அதைத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பார்ப்பவர் கடனாளி ஆவதில்லை. கிரிமினல் குற்றவாளி ஆகிறார்.

இது நியாயந்தானா என்ற விவாதம் பிரிட்டனில் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. 2017-இல் தொடங்கிய பி.பி.சி.யின் ராஜ சாஸனம் 2027 டிசம்பர் 31-ஆம் தேதி வரைக்குமே வழங்கப்பட்டது. ஆதலால் அதன் பிறகு எந்தப் பணத்தைக் கொண்டு ஸ்தாபனத்தை நடத்துவது என்ற கேள்வி அதனுடன் பின்னிக் கிடக்கிறது. அந்நிய தேசத்தார் தங்கள் வீட்டுப் பெட்டிக்குச் செலுத்தும் வரியைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம். முதலில் வழக்கை விசாரிப்போம். ஒரே வழக்கில் பல விஷயங்கள் கலந்து கிடந்தால், அவற்றைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றுக்கும் விடை காண்பது நியாயஸ்தலங்களின் முறை. இந்த வழக்கில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. பார்க்காதவனிடம் பணம் கேட்பது நியாயமா? எல்லோரிடமும் ஒரே தொகையைக் கேட்பது நியாயமா? கொடாதவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே ஒரு சாரார் கட்டணத்தை முற்றும் புகழவும், மற்றொரு சாரார் முற்றும் இகழவும் நேர்ந்திருக்கிறது.

லைசென்ஸின் பூர்வோத்தரம்

லைசென்ஸ் என்ற சொல்லுக்கு அனுமதி என்று பொருள். டெலிவிஷன் பார்ப்பதற்குச் சர்க்காரின் அனுமதி எதற்கு? 1904-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தை இயற்றியது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரலின் அனுமதியின்றி எவரும் கம்பியில்லாத் தந்திக் கருவியை வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கடலில் செல்லும் கப்பல்களும் ராணுவமும் பேசிக்கொள்ளும் காலத்தில் பிறந்த அந்த விதி, 1922-இல் வீடுகளுக்கு ரேடியோ வந்தபோது வசூலுக்குக் கருவியாகப் பயன்பட்டது. அந்த வருஷம் ரேடியோ லைசென்ஸுக்குப் பத்து ஷில்லிங் என்று நிர்ணயிக்கப்பட்டது. ரேடியோப் பெட்டி செய்து விற்ற வியாபாரிகள் சேர்ந்து அமைத்த கம்பெனி, 1927 ஜனவரி முதல் தேதியன்று ராஜ சாஸனம் பெற்ற பொது ஸ்தாபனமாயிற்று. அதன் தலைமை நிர்வாகியான ஜான் ரீத், விளம்பரமும் லாபமும் கலவாமல் அதனை நடத்த வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

டெலிவிஷன் ஒளிபரப்பு 1936 நவம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து முறையாக ஆரம்பமாயிற்று. உலக யுத்தம் மூண்டதும் நிறுத்தப்பட்டு, 1946 ஜூனில் மீண்டும் தொடங்கியது. அப்போது ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் சேர்த்து இரண்டு பவுண்டு லைசென்ஸ் ஏற்பட்டது. 1955-இல் விளம்பர வருமானத்தில் நடக்கும் போட்டி டெலிவிஷன் வந்தது. 1968-இல் வர்ண டெலிவிஷனுக்குத் தனிக் கட்டணம் பிறந்தது. 1971-இல் ரேடியோ லைசென்ஸ் ஒழிந்தது. 2016 செப்டம்பர் முதல், டெலிவிஷன் பெட்டியே இல்லாமல் கணினியிலோ கைப்பேசியிலோ பி.பி.சி.யின் ஐபிளேயர் நிகழ்ச்சிகளைப் பார்ப்பவரும் லைசென்ஸ் பெற வேண்டியதாயிற்று.

கப்பல்களுக்காகச் செய்த சட்டத்தின் நிழல் இப்படி நூறு வருஷங்கள் நீண்டு வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்திருக்கிறது. அனுமதி என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறதேயொழிய, இது இன்று எவ்வகையிலும் அனுமதியன்று. 2006-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் புள்ளிவிவர இலாகாவே இக்கட்டணத்தை வரி என்று வகைப்படுத்திவிட்டது. வரியென்றால் வரிக்குரிய நியாயங்களைக் கொண்டே அதனை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்காதவன் ஏன் கொடுக்க வேண்டும்?

முதல் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். "நான் பி.பி.சி.யைப் பார்ப்பதே இல்லை; வேறு நிலையங்களைத்தான் பார்க்கிறேன். பார்க்காத சரக்குக்கு விலை கொடுப்பானேன்?" என்பது கட்டணத்தின் எதிரிகளுடைய முதல் வாதம். இவ்வாதத்தில் சத்து இல்லாமலில்லை. எந்த நிலையத்தின் நிகழ்ச்சியானாலும், அது ஒளிபரப்பாகும் சமயத்திலேயே பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பதே சட்டம். பி.பி.சி.யின் பக்கமே திரும்பாமல் வேறொரு நிலையத்தில் கால்பந்தாட்டம் பார்ப்பவரும் பி.பி.சி.க்குக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். மறுபுறம், நாள் முழுவதும் பி.பி.சி. ரேடியோவைக் கேட்டு, அதன் செய்திகளைக் கணினியில் வாசித்து, டெலிவிஷனை மட்டும் விலக்கியவர் ஒரு பென்ஸ் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. பயனுக்குத் தக்க விலை என்ற கணக்கில் பார்த்தால் இது ஒரு விசித்திரமான ஏற்பாடு என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், பொதுக் காரியங்கள் அனைத்தையும் கடைச் சரக்காகக் கருதலாமா என்பதே நாம் கேட்பது. தெரு விளக்கின் ஒளியில் இரவில் நடவாதவனும் அதற்கு வரி கொடுக்கிறான். நூல்நிலையத்தில் கால் வைக்காதவனும் நூல்நிலைய வரி கொடுக்கிறான். குழந்தையில்லாதவன் பள்ளிக்கூடத்துக்கு வரி கொடுக்கிறான். அண்டை வீட்டான் எழுத்தறிவு பெற்றவனாக இருப்பதும், தேர்தலில் வாக்களிக்கும் முன்பு உண்மையான செய்தி அவன் காதில் விழுவதும் தனக்கும் நன்மையே என்பதை உணர்ந்த சமூகம் இவ்வாறுதான் செய்யும். அன்றியும் ஒலிபரப்புக்கு ஒரு தனித் தன்மை உண்டு. ஒருவன் ஒரு குடம் தண்ணீர் எடுத்தால் கிணற்றில் ஒரு குடம் குறைகிறது. ஒருவன் ஒலிபரப்பைக் கேட்பதால் மற்றவனுக்கு எதுவும் குறைவதில்லை. ஆகவே, கொடுத்தவனுக்கு மட்டும் கதவைத் திறந்து, கொடாதவனுக்குப் பூட்டு மாட்டும் சந்தா முறையானது, எவருக்கும் செலவில்லாமல் தரக்கூடிய நன்மையை வேண்டுமென்றே ஏழைகளுக்கு இல்லையென்று ஆக்குவதாகும்.

விளம்பரத்தைக் கொண்டு நடத்தினால் எல்லாம் இலவசமாகிவிடும் என்று சொல்வோரும் உண்டு. இலவசம் என்பது வெறும் மயக்கம். விளம்பரச் செலவைச் சோப்பு வியாபாரி தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. சோப்பின் விலையில் வைத்து நம்மிடமே வாங்கிக்கொள்கிறான். அந்த நிலையத்தைப் பார்க்காதவனும் சோப்பு வாங்கும்போது அந்த வரியைச் செலுத்துகிறான். பார்க்காதவன் கொடுப்பது அநியாயமென்றால் அந்த அநியாயம் அங்கும் இருக்கிறது; ரசீது மட்டும் இல்லை. பி.பி.சி.யில் விளம்பரங்களைப் புகுத்தலாமா என்று ஆராய 1985-இல் தாட்சர் அம்மையாரின் சர்க்கார் பொருளாதார நிபுணர் ஆலன் பீகாக் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. சந்தைப் போட்டியில் நம்பிக்கை கொண்டவர் என்று பெயர் பெற்ற அவருடைய கமிட்டியே 1986-இல் அந்த யோசனையை நிராகரித்துவிட்டது.

ஆகவே, முதல் விஷயத்தில் நமது முடிவு கட்டணத்துக்குச் சாதகமானது. பொதுவான ஒலிபரப்புக்குப் பொதுவில் பணம் கேட்பது நியாயமே.

பிரபுவுக்கும் கூலிக்கும் ஒரே வரியா?

இரண்டாவது விஷயம் வேறு. 174 பவுண்டு 50 பென்ஸ் என்பதை நாளொன்றுக்கு வகுத்தால் 48 பென்ஸ் கூட ஆகவில்லை. இதையும் ஒரு பாரமென்று சொல்லலாமா என்று கட்டணத்தின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். வகுத்தல் கணக்கு சரியே. ஆனால் கணக்கை எவர் மடியில் வைத்துப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது பாரம். மாசக் கடைசியில் வீட்டைச் சூடாக்குவதா, குழந்தைக்குச் செருப்பு வாங்குவதா என்று தடுமாறும் குடும்பத்துக்குப் பதினான்கரை பவுண்டு மாசத் தவணை ஒரு பாரமே. பிரபுவுக்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டியின் செலவு.

சலுகைகள் இல்லாமலில்லை. கண் பார்வை இழந்தவருக்குப் பாதிக் கட்டணம். ஆனால் வயோதிகர்களுக்கான சலுகையின் கதையைக் கேட்டால், இந்த வரியின் அடிப்படைக் கோளாறு நன்கு விளங்கும். 2000-ஆம் வருஷ நவம்பர் முதல் 75 வயது கடந்தோர் அனைவருக்கும் லைசென்ஸ் இலவசமாக்கப்பட்டது. அனைவருக்கும் என்றால், கோடீஸ்வரக் கிழவருக்கும் சேர்த்தே! 76 வயதுப் பிரபு இலவசமாகப் பார்க்க, இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாகத் தவிக்கும் இளந்தாய் முழுக் கட்டணம் செலுத்தினாள். அச்செலவைச் சர்க்கார் ஏற்று வந்தது. 2015-இல் செய்த ஏற்பாட்டின்படி சர்க்கார் அந்தச் சுமையைப் பி.பி.சி.யின் தலையில் இறக்கிற்று. சுமை தாங்காத ஸ்தாபனம், 2020 ஆகஸ்ட் முதல், வறியோருக்கான பென்ஷன் உதவி பெறும் வயோதிகருக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றியது. அந்த உதவிக்குப் பாத்தியதை இருந்தும் விண்ணப்பம் செய்யாமல் இருந்துவிடுகிற முதியோர் பலர். அவர்கள் கட்டணம் கட்டுவோர் வரிசைக்குத் திரும்பி வந்தார்கள். அடிப்படை வரியே வசதிக்குத் தக்கபடி அமைந்திருந்தால் இத்தனை ஒட்டுப் போடல்களும் அவசியமாகியிரா.

நமது ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் சற்று யோசனையுள்ளவர்கள் என்றே சொல்ல வேண்டும். கணவனை இழந்து தனித்து வாழும் பெண்ணுக்கு அரை வரி, அல்லது வரியே இல்லை என்ற வழக்கம் சில கிராமங்களில் உண்டு. ஏரி குளங்களைப் பராமரிக்கும் குடிமராமத்தில், நில அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்புவதும் பழைய வழக்கம். தண்ணீர் பொது, சுமை வசதிக்குத் தக்கபடி என்ற உண்மையை, பொருளாதார சாஸ்திரம் படிக்காத நமது மூதாதைகள் அறிந்திருந்தார்கள். ஆகவே, இரண்டாவது விஷயத்தில் நமது முடிவு கட்டணத்துக்குப் பாதகமானது. பொதுவில் கேட்பது நியாயம். ஒரே அளவாகக் கேட்பது அநியாயம்.

கதவைத் திறந்த குற்றம்

மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நமது மனம் மிகவும் நோகிறது. 2003-ஆம் வருஷச் செய்தித் தொடர்புச் சட்டத்தின் 363-ஆவது பிரிவின்படி, லைசென்ஸின்றி டெலிவிஷன் பார்ப்பது கிரிமினல் குற்றம். ஆயிரம் பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். இக்குற்றத்துக்கு நேரடியாகச் சிறைத் தண்டனை இல்லை. ஆனால் அபராதத்தை வேண்டுமென்றே செலுத்தவில்லை என்று கோர்ட் கருதினால் சிறைக்கு வழியுண்டு.

இந்தச் சட்டம் எவர் மீது பாய்கிறது? 2019-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இக்குற்றத்துக்காக ஒரு லட்சம் பேருக்கு மேல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் பெண்கள். பிற்பட்ட வருஷங்களில் வழக்குகளின் தொகை குறைந்ததேயொழிய, பெண்களே பெரும்பாலார் என்ற நிலைமை மாறவில்லை. பெண்கள்தான் அதிகமாக டெலிவிஷன் பார்க்கிறார்களா, அல்லது ஆண்களைவிட அதிகமாக ஏமாற்றுகிறார்களா? இரண்டும் இல்லை. லைசென்ஸ் குடும்பத்துக்கு ஒன்று. ஆனால் குற்றம் தனி மனிதருடையது. பகலில் வசூல் அதிகாரி வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் எவரோ, கதவைத் திறந்து மரியாதையாகப் பதில் சொல்பவர் எவரோ, அவர் பெயரில்தான் வழக்கு எழுதப்படுகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறப்பவள் பெரும்பாலும் தாயே. கட்டணத்தைக் கட்டாமல் விட்ட கணவன் வேலைக்குப் போயிருப்பான். தனித்துக் குடும்பம் நடத்தும் தாயாக இருந்தாலோ, திறப்பதற்கு வேறு ஆளே இல்லை.

சட்டம் அறிந்தவன் வசூல் அதிகாரிக்குக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. மாஜிஸ்ட்ரேட்டின் வாரண்டு இல்லாமல் அவர் உள்ளே நுழைய முடியாது. அறியாதவளும் அஞ்சுகிறவளுமே திறக்கிறார்கள். ஆக, தண்டனை பெறுவது கட்டணத்தைக் கொடாத குற்றத்துக்கா, கதவைத் திறந்த குற்றத்துக்கா என்று கேட்கத் தோன்றுகிறது.

கோர்ட்டிலாவது அவள் குரல் கேட்கப்படுகிறதா? 2015 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய சில்லறைக் குற்றங்களை ஒரே மாஜிஸ்ட்ரேட், பகிரங்க விசாரணையின்றி, காகிதங்களைப் பார்த்தே தீர்த்துவிடும் முறை நடைபெறுகிறது. தபாலில் குற்றப் பத்திரிகை வருகிறது. 21 நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். பதில் வராவிட்டால், அவள் இல்லாமலே தீர்ப்பாகிறது. நோயென்றும் வறுமையென்றும் அவள் எழுதியனுப்பும் கடிதத்தை வழக்குத் தொடுத்தவர் கண்ணால் பார்க்காமலே வழக்கு முடிந்துவிடுவதும் உண்டு. 2024 மார்ச்சில் மாஜிஸ்ட்ரேட்டுகளின் சங்கமே இம்முறையைத் திருத்த வேண்டுமென்று கோரிற்று. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் பழமொழி. இங்கே அம்பலமே கூடுவதில்லை; பிறகு சொல் எங்கே ஏறுவது?

கிரிமினல் தண்டனையை நீக்கிவிட்டால் எவரும் கட்டமாட்டார்கள், வருமானம் விழுந்துவிடும் என்பது மறு கட்சியின் வாதம். டேவிட் பெர்ரி என்ற வக்கீல் 2015-இல் சர்க்காருக்குச் சமர்ப்பித்த அறிக்கையும், அப்போதிருந்த வசூல் முறை நீடிக்கும் வரையில் கிரிமினல் விதியை வைத்துக்கொள்வதே நல்லதென்று கூறிற்று. சிவில் கடனாக்கினால் ஜப்தியும் கடன் வசூல்காரரும் வந்து ஏழைகளை இன்னும் வாட்டலாம் என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் உயிருக்கு ஆதாரமான குடிதண்ணீரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தைக் கட்டத் தவறினால் அது சிவில் கடன்; 1999-ஆம் வருஷச் சட்டத்தின் பிறகு, பாக்கிக்காக வீட்டுக் குழாயைத் துண்டிக்கவும் கூடாது. தண்ணீர்க் கம்பெனிகள் அதனால் மூடப்பட்டுவிடவில்லை. தண்ணீருக்குக் காட்டும் தாட்சண்யத்தை டெலிவிஷனுக்குக் காட்டக் கூடாதா? வசூலின் சௌகரியத்துக்காகக் கிரிமினல் சட்டத்தைப் பயன்படுத்துவது நீதி பரிபாலனமாகாது. பல வருஷங்கள் கோர்ட்டுகளில் நின்று பழகிய நாம் இதனைத் தயக்கமின்றிச் சொல்லுகிறோம்.

பணப்பை எவர் கையில்?

இவ்வளவு குறைகள் இருக்கும்போது கட்டணத்தையே ஒழித்துவிட்டுச் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுத்துவிடலாமே என்று வாசகர்கள் கேட்கக் கூடும். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது எளிய வழி. வருமான வரி வசதிக்குத் தக்கபடி வசூலாகிறது, கதவு தட்டும் அதிகாரி தேவையில்லை, வழக்குகளும் இல்லை. ஆனால் மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக இது முடிந்துவிடக் கூடாது. ஒலிபரப்பு ஸ்தாபனத்தின் பணப்பை எந்த மந்திரியின் கையில் இருக்கிறதோ, அந்த மந்திரியைப் பற்றி உண்மை பேச அது கூசும்.

1926-இல் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது, ஒலிபரப்பைச் சர்க்கார் கைப்பற்ற வேண்டுமென்று சர்ச்சில் வற்புறுத்தினார். ரீத் அதனைத் தவிர்த்தார். ஆயினும் எதிர்க்கட்சித் தலைவர் மக்டொனால்டுக்கு ரேடியோவில் பேச இடம் கிடைக்கவில்லை. முப்பது வருஷங்களுக்குப் பிறகு, 1956-இல் சூயஸ் யுத்தத்தின்போது, பிரதம மந்திரி ஈடனின் கோபத்தையும் பொருட்படுத்தாமல், எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல் நாட்டு மக்களுக்குப் பதிலுரை கூறப் பி.பி.சி. இடம் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த ஸ்தாபனத்துக்கு வந்த துணிவுக்கு, அதன் வருமானம் ஒவ்வொரு வருஷமும் மந்திரியின் தயவை எதிர்பார்த்து நிற்கவில்லை என்பதும் ஒரு காரணமாகும்.

எனினும் லைசென்ஸ் கட்டணம் இருந்தால் சுதந்திரம் தானே வந்துவிடும் என்பதும் தவறு. அத்தொகையை நிர்ணயிப்பவர்கள் மந்திரிகளே. 2010-இல் சில நாட்களுக்குள் பேரம் முடித்து, பல வருஷங்களுக்குக் கட்டணம் 145 பவுண்டு 50 பென்ஸிலேயே நிறுத்தப்பட்டது. சர்க்கார் செலுத்தி வந்த உலக ஒலிபரப்பின் செலவும் பி.பி.சி.யின் மீது சுமத்தப்பட்டது. 2015-இல் நடந்ததை முன்னரே கூறினோம். சங்கிலியின் நீளம் கூடியிருக்கிறதே தவிர, அதன் நுனி மந்திரியின் கையிலேயே இருக்கிறது.

நமது தேசத்தின் அனுபவமும் இதையே போதிக்கிறது. நமது வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்து ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று இன்னும் இருக்கிறது. வருஷந்தோறும் தபாலாபீஸில் பணம் கட்டி, அதற்கென்று அச்சடித்த ஸ்டாம்பை ஒட்டி முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கூட விட்டுப்போகவில்லை. 1920-களின் கடைசியில் பத்து ரூபாயில் தொடங்கிய அந்த லைசென்ஸ் 1980-களின் நடுவில் ஒழிக்கப்பட்டபோது, நாட்டில் எவரும் வருந்தவில்லை. ஆனால் லைசென்ஸ் நடைமுறையில் இருந்த காலத்திலேதான், 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைமையில், ஆல் இந்தியா ரேடியோ சர்க்காரின் ஊதுகுழலாக இருந்தது. காரணம் வெளிப்படை: பணத்தை ஜனங்கள் கொடுத்தார்கள், பை சர்க்காரிடம் இருந்தது, ரேடியோ சர்க்காரின் ஓர் இலாகாவாக இருந்தது. 1990-இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியும், அது நடைமுறைக்கு வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லைசென்ஸை ஒழித்த நாம் அதன் தொல்லையை ஒழித்தோம். அதனுடன், "எமது பணத்தில் நடக்கும் ரேடியோ எமக்கு உண்மை சொல்ல வேண்டும்" என்று கேட்கும் பாத்தியதை நமக்குண்டு என்ற நினைவையும் மறந்துவிட்டோம்.

வேறு வழி உண்டா?

வசதிக்குத் தக்க வரி, மந்திரிக்கு எட்டாத பை ஆகிய இரண்டையும் ஒருங்கே பெற முடியாதா? முடியும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே அத்தாட்சிகள் இருக்கின்றன. பின்லாந்து 2013-இல் லைசென்ஸை ஒழித்துவிட்டு, வருமானத்துக்குத் தக்கபடி உச்சவரம்புடன் கூடிய ஒலிபரப்பு வரியை ஏற்படுத்தியது. ஸ்வீடன் 2019-இல் அதையே செய்தது. அங்கு வரி விதிக்கத்தக்க வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று, அதற்கும் ஓர் உச்சவரம்பு. ஜெர்மனியில் 2013 முதல் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்டணம் உண்டு. அது ஒரே அளவாயிருப்பது குறையே, ஆயினும் சர்க்கார் உதவியில் ஜீவிப்பவர் விண்ணப்பித்தால் விலக்குப் பெறலாம். அங்கு கவனிக்க வேண்டிய அம்சம் வேறொன்று. ஒலிபரப்புக்கு எவ்வளவு தேவை என்பதைச் சுயேச்சையான ஒரு கமிஷன் கணக்கிட்டுச் சொல்லுகிறது. ஒரு மாகாணம் அதன் உயர்வைத் தடுத்தபோது, அது ஒலிபரப்பின் சுதந்திரத்துக்குப் பங்கம் என்று 2021-இல் அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட் தீர்ப்பளித்தது.

பிரான்ஸ் 2022-இல் கட்டணத்தை ஒழித்து, விற்பனை மீதான வரியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கியது. ஏழையும் பணக்காரனும் வாங்கும் பண்டத்தின் மீது விழும் வரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது சீர்திருத்தமென்று நமக்குத் தோன்றவில்லை. பின்லாந்தின் அளவுகோலும் ஜெர்மனியின் கமிஷனும் சேர்ந்தால் பிரிட்டனின் நோய்க்கு மருந்தாகும்.

நமக்குள்ள கடன்

இந்த விவகாரத்தில் நமக்கும் சம்பந்தம் உண்டென்று ஆரம்பத்தில் கூறினோம். 1941 மே மாதத்தில் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பை நம்மில் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். தமிழோசை என்ற பெயரில் அது சிற்றலையில் வந்துகொண்டிருந்த காலத்தில், இலங்கையில் யுத்தம் நடந்த வருஷங்களில், இரு கரையிலும் தமிழர்கள் மாலை நேரத்தில் ரேடியோப் பெட்டியைச் சுற்றிக் காத்திருந்தார்கள். நெடுங்காலம் அதன் செலவைப் பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகா ஏற்றது. 2014 ஏப்ரலிலிருந்து உலக ஒலிபரப்பு லைசென்ஸ் பணத்துக்கு மாறிற்று. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியுடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. அதன் கடைசி மூன்று வருஷங்களில் நாம் கேட்ட செய்திக்கு, மாடி வீட்டுப் பிரபு மட்டுமன்றி, மாளிகை பெருக்கும் அந்தப் பெண்ணும் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறாள். அவள் ஊர்க் கொடையில் நாம் வரி கொடாமல் மேளம் கேட்டவர்கள். ஆகவே, அவளுக்கு நடப்பது நியாயமா என்று கேட்பது நமக்கு அதிகப் பிரசங்கித்தனமன்று, கடமையே.

வழக்கை முடித்துக்கொள்வோம். பொதுவான ஒலிபரப்புக்குப் பொதுமக்கள் எல்லோரும் பணம் கொடுக்க வேண்டுமென்பது நியாயம். அதனைப் பிரபுவிடமும் கூலியிடமும் ஒரே அளவாகக் கேட்பது அநியாயம். கொடுக்க இயலாத தாயை, அவள் இல்லாத கோர்ட்டில், காகிதத்தைப் பார்த்துக் குற்றவாளியாக்குவது அக்கிரமம். பிரிட்டிஷ் மக்கள் முதலாவதைக் காப்பாற்றிக்கொண்டு, பின்னிரண்டையும் களைந்தெறிய வேண்டும். வரிப் பணத்தின் சாவியை மந்திரிகளின் இடுப்பிலிருந்து அவிழ்த்து, சுயேச்சையான ஒரு கமிஷனிடம் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸை ஒழித்து நாற்பது வருஷங்களாகியும் நமது ரேடியோவும் டெலிவிஷனும் எவருடைய சொத்து என்று இன்னும் கேட்காமலிருக்கும் நாம், அவர்கள் செய்யப்போவதைக் கூர்ந்து கவனித்தல் நலம்.